ஒரே சந்தைக்கு இரண்டு விமானங்கள்

(ஆகாய வாணிபத்தின் வரலாறு: பதினோராம் அத்தியாயம்)

சென்ற அத்தியாயத்தில், போயிங் கம்பெனி தன் ஆஸ்தி முழுவதையும் பணயம் வைத்து 747 என்னும் பிரமாண்டமான விமானத்தை நிர்மாணித்த வரலாற்றைக் கண்டோம். சமுத்திரங்களைக் கடந்து நெடுந்தூரம் செல்லும் பிரயாணிகளை உத்தேசித்து அமைந்த அந்த விமானம், அமெரிக்காவின் உள்நாட்டுப் போக்குவரத்தை நடத்தி வந்த கம்பெனிகளுக்குத் தேவைக்கு மிஞ்சியதாக இருந்தது. ஆனால் 1960-களின் மத்தியில் பிரயாணிகளின் தொகை ஆண்டுக்காண்டு பெருகி வந்தமையால், 707-உம் டி.சி.-8-உம் போதாமற்போகும் காலம் தொலைவில் இல்லை என்பதையும் அவர்கள் உணர்ந்திருந்தார்கள். பெரியதற்கும் சிறியதற்கும் நடுவே ஓர் இடம் காலியாயிருந்தது. அந்த இடத்துக்காக இரண்டு பெரிய ஸ்தாபனங்கள் பொருதின. அவற்றுள் ஒன்று பிரயாணி விமானத் தொழிலையே துறந்து போகவும், மற்றொன்று முதலில் தன் நற்பெயரையும் நாளடைவில் தன் தனித்தன்மையையும் இழக்கவும் நேர்ந்த கதையே இந்த அத்தியாயத்தின் விஷயம்.

அந்தக் காலியிடத்தைத் தெளிவாகக் கண்டு எழுத்தில் வடித்தவர், அமெரிக்கன் ஏர்லைன்ஸ் கம்பெனியில் எஞ்சினீயரிங் பொறுப்பில் இருந்த ஃபிராங்க் கோல்க் என்பவர். 1966-ஆம் ஆண்டின் வசந்த காலத்தில் விமான உற்பத்தியாளர்களுக்கு அவர் அனுப்பிய குறிப்பில், சுமார் 250 பிரயாணிகளை ஏற்றிக்கொண்டு, நியூயார்க் நகரத்து லாகார்டியா நிலையத்தின் குறுகிய ஓடுபாதையிலிருந்து கிளம்பி, சிகாகோ வரை இடையில் நில்லாமல் செல்லவல்லதும், அகன்ற உடலும் இரண்டே எஞ்சின்களும் உடையதுமான ஒரு விமானம் வேண்டுமென்று கேட்டிருந்தார். லாகார்டியாவின் ஓடுபாதைகள் அப்போது விரிகுடாவுக்குள் ஊன்றிய தூண்களின்மேல் நீட்டப்பட்டு வந்தமையால், விமானத்தின் எடைக்கும் அங்கே ஒரு வரம்பு இருந்தது. எஞ்சின் ஒன்று குறைந்தால் எடை குறையும், எரிபொருள் குறையும், பழுது பார்க்கும் செலவும் குறையும் என்பது கோல்க்கின் கணக்கு. அந்தக் கணக்கு சரியானதே என்பது பிற்காலத்தில் வெளிப்பட்டது.

மற்றக் கம்பெனிகளோ இதற்கு இணங்கவில்லை. ஈஸ்டர்ன் கம்பெனியின் விமானங்கள் கடலைக் கடந்து போர்ட்டோ ரிக்கோ தீவுக்குப் போகவேண்டியிருந்தது. இரட்டை எஞ்சின் விமானம் எதுவும், இறங்கத்தக்க ஒரு நிலையத்திலிருந்து அறுபது நிமிஷப் பறப்புக்கு மேல் விலகிச் செல்லலாகாது என்பது அன்றைய அமெரிக்க சர்க்காரின் விதி. கடல் மட்டத்துக்கு ஒரு மைல் உயரத்திலுள்ள டென்வர் நகரில் கோடை வெப்பத்தால் காற்று இலேசாகி எஞ்சின்களின் பலம் குன்றும்போது, நிறைந்த பாரத்துடன் இரண்டு எஞ்சின்களால் எழும்ப முடியுமா என்ற ஐயமும் இருந்தது. எல்லாரையும் திருப்தி செய்ய விரும்பிய உற்பத்தியாளர்கள் வாலில் மூன்றாவது எஞ்சினைச் சேர்த்துக்கொண்டார்கள்.

இந்தக் களத்தில் இறங்கிய லாக்ஹீட் கம்பெனி, கான்ஸ்டலேஷன் என்ற அழகிய விமானத்தால் ஒரு காலத்தில் கீர்த்தி பெற்றது. பிறகு அது வெளியிட்ட எலக்ட்ரா என்னும் விமானம், 1959-இலும் 1960-இலும் நடுவானில் இறக்கை பிய்ந்து விழுந்த இரண்டு விபத்துக்களால் மதிப்பிழந்து, 170 என்ற எண்ணிக்கையோடு நின்றுபோக, லாக்ஹீட் ராணுவ வேலைகளை நம்பிப் பிழைத்து வந்தது. ஒலியினும் விரைந்து செல்லும் பிரயாணி விமானத்துக்கான தேசியப் போட்டியிலும் 1966-ஆம் ஆண்டின் இறுதி நாளில் அது போயிங்கிடம் தோற்றது. மீண்டும் பிரயாணி விமானத் துறையில் புகுவதற்கு அதற்கு இதைவிட வேறு சந்தர்ப்பம் தென்படவில்லை. எதிரே நின்ற டக்ளஸ் கம்பெனியோ, டி.சி.-3 முதல் டி.சி.-9 வரை உலகமெங்கும் பரவிய விமானங்களைத் தந்த பழம்பெரும் குடும்பம். ஆனால் ஆர்டர்கள் குவிந்தும் நிர்வாகக் கோளாற்றால் கையில் ரொக்கமின்றித் திணறி, 1967 ஏப்ரலில் செயின்ட் லூயிஸ் நகரத்துப் போர்விமான உற்பத்தியாளரான மக்டானலிடம் அடைக்கலம் புகுந்திருந்தது. புதிய எஜமானரான ஜேம்ஸ் மக்டானல் ஒவ்வொரு டாலரையும் எண்ணிச் செலவழிப்பவர். ஒரு கம்பெனி இழந்த இடத்தை மீட்க வந்தது. மற்றொன்று இருந்த இடத்தைக் காக்க வந்தது. பின்வாங்கும் மனம் இரண்டுக்கும் இல்லை.

இவ்விருவரும் வரைந்த விமானங்கள் ஒரே தாயின் வயிற்றில் பிறந்தவை போல் இருந்தன. ஆசனங்களின் தொகை, உடலின் அகலம், செல்லும் தூரம் எல்லாம் ஏறக்குறைய ஒன்றே. வாலிலுள்ள எஞ்சினை அமைத்த விதத்தில் மட்டும் கண்ணுக்குத் தெரியும் பேதம் உண்டு. டக்ளஸ் தன் டி.சி.-10-இல் அந்த எஞ்சினை உடலுக்கு மேலே, வால் இறக்கையின் அடியில் நேர்க்குழாயாகப் பொருத்தியது. லாக்ஹீட் தன் எல்-1011 ட்ரைஸ்டாரில், முதுகின்மேல் காற்றை வாங்கி, வளைந்து இறங்கும் குழாய் வழியாக உடலின் கடைக்கோடியிலுள்ள எஞ்சினுக்குச் செலுத்தியது. முன்னது சுலபமானது, பின்னது காண்பதற்கு அழகானது, ஆனால் நீளம் குறைந்த எஞ்சின் ஒன்றாலேதான் அது சாத்தியமாகும். இந்தச் சிறிய விஷயம் லாக்ஹீடின் தலைவிதியை எவ்வாறு நிர்ணயித்தது என்பதைச் சற்றுப் பின்னர்ப் பார்ப்போம்.

1968-ஆம் ஆண்டின் பிப்ரவரி, மார்ச், ஏப்ரல் ஆகிய மூன்று மாதங்களில் போட்டியின் போக்கு தீர்மானமாயிற்று. பிப்ரவரி 19-ஆம் தேதி அமெரிக்கன் ஏர்லைன்ஸ் 25 டி.சி.-10 விமானங்களுக்கு ஆர்டர் கொடுத்து, மேலும் 25-க்கு உரிமை வாங்கிக்கொண்டது. லாக்ஹீட் அதற்குமேல் தாமதிக்காமல் விலையைக் குறைத்தது. பிரிட்டனின் ரோல்ஸ்-ராய்ஸ் எஞ்சினைத் தேர்ந்தெடுத்து, அதற்குக் கைம்மாறாக ஏர் ஹோல்டிங்ஸ் என்னும் பிரிட்டிஷ் கம்பெனியிடம் 50 விமானங்களுக்கு ஆர்டர் பெற்றது. டி.டபிள்யூ.ஏ. கம்பெனியின் 44-உம் ஈஸ்டர்னின் 50-உம் சேர, மார்ச் மாத முடிவில் 144 விமானங்களென்ற அறிவிப்பு வெளியாகியது. அன்றைக்கு டக்ளஸ் விலகிக்கொண்டிருக்குமானால் இந்தச் சரித்திரமே வேறு திசையில் சென்றிருக்கும். எஞ்சியிருந்த பெரிய வாடிக்கைக்காரர் யுனைடெட் ஏர்லைன்ஸ் ஒன்றே. அது ட்ரைஸ்டாரை வாங்கினால் டி.சி.-10 பிறக்கு முன்னரே முடிந்துபோகும். ஏப்ரல் மாதக் கடைசியில் யுனைடெட், 30 டி.சி.-10 விமானங்களுக்கு ஆர்டர் கொடுத்து, இன்னும் 30-க்கு உரிமையும் வாங்கியது. டக்ளஸ் பிழைத்தது. ஓர் ஊருக்கு ஒரு செக்கு போதும் என்ற இடத்தில் இரண்டு செக்குகள் நாட்டப்பட்டன. ஆட்டுவதற்கு எள் இருந்ததோ ஒன்றுக்கு மட்டுமே.

லாக்ஹீடின் முதல் துன்பம் இங்கிலாந்திலுள்ள டெர்பி நகரத்திலிருந்து வந்தது. ரோல்ஸ்-ராய்ஸ் தயாரித்த ஆர்.பி.211 எஞ்சின், ஒன்றனுள் ஒன்றாகச் சுழலும் மூன்று தண்டுகளைக் கொண்ட புதுமையான அமைப்பு. அதனாலேயே அது நீளம் குறைந்து, ட்ரைஸ்டாரின் வளைந்த குழாய்க்குப் பொருந்தியது. அதன் முகப்பிலுள்ள பெரிய விசிறிகளை உலோகத்தால் அல்லாமல் கார்பன் நாரினால் செய்து எடையை மிச்சப்படுத்துவதென்று ஆரம்பத்தில் திட்டமிட்டிருந்தார்கள். பறவை மோதுவதைப் போன்ற சோதனைக்காகக் கோழியை எறிந்து பார்த்தபோது அந்த விசிறிகள் நொறுங்கிப் போகவே, டைட்டேனியத்துக்குத் திரும்பவேண்டியதாயிற்று. 1970 செப்டம்பரில் இந்த எஞ்சினை உருவாக்கும் செலவு, முதலில் மதிப்பிட்டதைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்காகி 17 கோடி பவுனைத் தாண்டியிருந்தது. ஒப்பந்த விலையோ முன்னரே நிர்ணயமானதாகையால், விற்கும் ஒவ்வொரு எஞ்சினும் நஷ்டத்தைக் கூட்டுவதாயிற்று. 1971 பிப்ரவரி 4-ஆம் தேதி, பிரிட்டிஷ் ஜாதியின் பெருமைக்கே அடையாளமாயிருந்த ரோல்ஸ்-ராய்ஸ் கம்பெனி திவாலாகிவிட்டதென்ற செய்தி வெளியாகி உலகத்தைத் திகைக்க வைத்தது.

ட்ரைஸ்டார் இதற்குள் பறக்க ஆரம்பித்துவிட்டது. 1970 ஆகஸ்டு 29-இல் டி.சி.-10 முதன்முறையாக வானில் ஏற, அதற்குச் சுமார் பதினொரு வாரங்கள் கழித்து நவம்பர் 16-இல் ட்ரைஸ்டாரும் ஏறியது. இப்போது எஞ்சின் இல்லாத விமான உடல்கள் கலிபோர்னியாவின் பாம்டேல் தொழிற்சாலையில் நின்றன. வேறு எஞ்சினைப் பொருத்தலாமென்றால் அந்த வளைந்த குழாய் குறுக்கே நின்றது. பிரிட்டனில் எட்வர்ட் ஹீத்தின் சர்க்கார் ரோல்ஸ்-ராய்ஸைத் தேசவுடைமையாக்கி, எஞ்சினைத் தொடர்ந்து தயாரிப்பதற்குச் சம்மதித்தது. ஆனால் லாக்ஹீட் நொடித்துப் போகாதென்பதற்கு அமெரிக்க சர்க்காரின் உத்தரவாதம் வேண்டும் என்றது. ராணுவத்துக்காகக் கட்டிய சி-5 சரக்கு விமானத்தில் ஏற்கெனவே பெருநஷ்டம் அடைந்திருந்த லாக்ஹீடுக்கு 25 கோடி டாலர் கடனுக்குச் சர்க்கார் ஜாமீன் நிற்பதா என்ற விவாதம் வாஷிங்டனில் பல மாதங்கள் நடந்தது. பிரதிநிதிகள் சபையில் 192-க்கு 189 என்றும், செனட்டில் 49-க்கு 48 என்றும், மயிரிழையில் அந்த மசோதா நிறைவேறியது. ஒரே ஒரு செனட்டர் மனம் மாறியிருந்தால் ட்ரைஸ்டார் அன்றே மடிந்திருக்கும். ரோல்ஸ்-ராய்ஸில், ஓய்வு பெற்றிருந்த ஸ்டான்லி ஹூக்கர் என்னும் வயோதிக எஞ்சினீயரை மீண்டும் அழைத்து, அவர் தலைமையில் எஞ்சினின் குறைகளைக் களைந்தார்கள். கடனை லாக்ஹீட் 1977-க்குள் அடைத்துத் தீர்த்தது, சர்க்காருக்கு நஷ்டமில்லை.

ஆயினும் இழந்த காலம் திரும்பவில்லை. டி.சி.-10 1971 ஆகஸ்டு 5-ஆம் தேதி அமெரிக்கன் கம்பெனியின் வழித்தடத்தில் ஓடத் தொடங்கியது. ட்ரைஸ்டார் ஈஸ்டர்னில் சேர்ந்தது 1972 ஏப்ரல் 26-ஆம் தேதிதான். அதோடு டக்ளஸ், அதிக பலமுள்ள ஜெனரல் எலக்ட்ரிக் எஞ்சினைக் கொண்டு சமுத்திரங்களைத் தாண்டும் டி.சி.-10-30 என்னும் நெடுந்தூர ரகத்தையும் 1972-இல் பறக்கவிட்டு, ஐரோப்பியக் கம்பெனிகளைத் தன் பக்கம் ஈர்த்துக்கொண்டது. லாக்ஹீட் அதற்கு ஈடாக உடலைக் குறுக்கிச் செய்த ட்ரைஸ்டார்-500, 1978 அக்டோபரில்தான் முதன்முதலாகப் பறந்தது. கொழும்பிலிருந்து ஏர் லங்கா ட்ரைஸ்டார்களில் பிரயாணம் செய்தவர்கள் இதைப் படிக்கும் வாசகர்களிடையேயும் இருக்கக்கூடும். என் அபிப்பிராயத்தில் இரண்டினுள் மேலானது ட்ரைஸ்டாரே. 1972 மே மாதத்தில் அது பாம்டேலிலிருந்து வாஷிங்டன் வரை, ஓடுபாதையில் ஓடத் தொடங்கியது முதல் தரையில் இறங்கி நிற்கும் வரை, தானியங்கிச் சாதனங்களின் ஆதிக்கத்திலேயே பறந்து காட்டியது. விமானத்தின் கட்டுப்பாட்டுப் பலகைகளை அசைக்கும் எண்ணெய் அழுத்தக் குழாய்த் தொகுதிகள் டி.சி.-10-இல் மூன்று, ட்ரைஸ்டாரில் நான்கு. அந்த நான்காவதற்குச் செலவிட்ட பணம் விற்பனையில் திரும்பக் கிடைக்கவில்லை.

இனி, சொல்வதற்கு மனம் கூசும் விஷயத்துக்கு வருவோம். டி.சி.-10-இன் சரக்கறைக் கதவு வெளிப்புறமாகத் திறப்பது. உள்ளிருக்கும் காற்றழுத்தம் கதவை அழுத்தி மூடுவதற்குப் பதிலாக, வெளியே தள்ளவே முயலும். ஆகவே தாழ்ப்பாள்களின் உறுதியிலேயே எல்லாம் அடங்கியிருந்தது. மின்சார மோட்டார் அந்தத் தாழ்ப்பாள்களை முழுதும் திருப்பாமல் நின்றுவிட்டபோதும், வெளியிலிருந்து கைப்பிடியைப் பலமாக அழுத்தினால், உள்ளேயுள்ள தண்டுகள் வளைந்துகொடுத்து, கதவு சரியாகப் பூட்டிக்கொண்டதைப் போன்ற தோற்றத்தை உண்டாக்கும். பறக்கும்போது இந்தக் கதவு பெயர்ந்தால் சரக்கறையின் காற்று ஒரு நொடியில் வெளியேறும். மேலே பிரயாணிகள் அமர்ந்த அறையின் அழுத்தம் அப்படியே இருக்குமாகையால் நடுவிலுள்ள தளம் இடிந்து கீழே சரியும். வாலுக்குச் செல்லும் கட்டுப்பாட்டுக் கம்பிகளெல்லாம் அந்தத் தளத்தின் ஊடாகவே செல்கின்றன. 1970-இல், விமானம் இன்னும் பறப்பதற்கு முன், டக்ளஸின் லாங் பீச் தொழிற்சாலையில் நடந்த அழுத்தச் சோதனையிலேயே கதவு பிய்ந்து தளம் இடிந்தது. அப்போதே எச்சரிக்கை கிடைத்துவிட்டது.

இரண்டாவது எச்சரிக்கை 1972 ஜூன் 12-ஆம் தேதி, கனடாவின் விண்ட்ஸர் நகருக்கு மேலே கிடைத்தது. டெட்ராய்ட்டிலிருந்து பஃபலோவுக்குச் சென்ற அமெரிக்கன் கம்பெனியின் விமானத்தில் அன்று 67 பேரே இருந்தார்கள். கதவு பறந்துபோய்த் தளத்தின் ஒரு பகுதி சரிந்தது. கூட்டம் குறைவாயிருந்ததால் தளம் முழுவதும் இடியவில்லை. கம்பிகளில் சில அறுபடாமல் மிஞ்சின. விமானத்தின் தலைவர் பிரைஸ் மக்கார்மிக், எஞ்சின்களின் வேகத்தைக் கூட்டியும் குறைத்தும் மட்டுமே விமானத்தை நடத்துவது எப்படியென்று முன்னரே பயிற்சி நிலையத்தில் தாமாகவே பழகி வைத்திருந்தவர். அந்தத் தூரதிருஷ்டியால் 67 பேரும் உயிரோடு டெட்ராய்ட்டில் இறங்கினார்கள்.

அப்போது செய்யவேண்டியிருந்தது என்ன? கதவைத் திருத்தும் வரையில் இந்த விமானம் பறக்கலாகாதென்று சர்க்காரின் விமானப் பாதுகாப்பு இலாகா கட்டாய உத்தரவு பிறப்பித்திருக்க வேண்டும். அதற்குப் பதிலாக, இலாகாவின் தலைவர் ஜான் ஷாஃபரும் டக்ளஸ் பிரிவின் தலைவர் ஜாக்சன் மக்கோவனும் தொலைபேசியில் பேசிக்கொண்டு, கம்பெனியே தன் வாடிக்கைக்காரர்களுக்குத் திருத்தத்தைச் சிபாரிசு செய்யட்டும் என்று முடித்துக்கொண்டார்கள். கட்டாய உத்தரவு பகிரங்கமாக வந்திருந்தால், ட்ரைஸ்டார் விற்பனையாளர்களின் கையில் அது வலிய ஆயுதமாகியிருக்கும். போட்டி உச்சத்திலிருந்த அந்த ஆண்டில் அந்த அச்சம் இந்தத் தீர்மானத்தில் பங்கு பெற்றதென்றே நான் கருதுகிறேன். அதே மாதம் 27-ஆம் தேதி, கதவையும் உடலையும் தயாரித்துக் கொடுத்த கான்வேர் கம்பெனியின் எஞ்சினீயர் டான் ஆப்பிள்கேட், இந்தக் கதவு வரும் ஆண்டுகளில் மீண்டும் திறந்துகொள்வது நிச்சயமென்றும், அப்போது விமானமே அழிந்துபோகுமென்றும் தம் மேலதிகாரிகளுக்கு எழுதினார். திருத்தச் செலவு தங்கள் தலையில் விழுமோ என்ற யோசனையால் அந்தக் குறிப்பு கான்வேரைத் தாண்டி வெளியே போகவில்லை.

1974 மார்ச் 3, ஞாயிற்றுக்கிழமை. துருக்கிய விமானக் கம்பெனியின் டி.சி.-10 பாரிஸ் ஓர்லி நிலையத்திலிருந்து லண்டனுக்குக் கிளம்பியது. பிரிட்டிஷ் கம்பெனியின் எஞ்சினீயர்கள் வேலை நிறுத்தம் செய்திருந்தமையால், வேறு விமானங்களில் போகவேண்டிய பலரும் இதில் ஏறியிருந்தார்கள். அந்த விமானத்தின் கதவில் செய்ய வேண்டிய திருத்தம் செய்து முடிந்ததென்று லாங் பீச் தொழிற்சாலையின் ஆவணங்களில் பரிசோதகர்களின் முத்திரைகள் இருந்தன. திருத்தம் செய்யப்படவே இல்லை. கதவு பெயர்ந்து, தளம் இடிந்து, கம்பிகள் அறுந்து, ஒன்றரை நிமிஷத்துக்குள் அந்த விமானம் எர்மனான்வில் காட்டில் வீழ்ந்து சிதறியது. அதிலிருந்த 346 பேரில் ஒருவரும் தப்பவில்லை. அதுவரை உலகம் கண்ட விமான விபத்துக்களில் மிகக் கொடியது அதுவே. இரண்டு ஆண்டுகளுக்கு முன் பிறந்திருக்கவேண்டிய கட்டாய உத்தரவு அதன் பின்னரே பிறந்தது. வாணிபத்தில் வெற்றியும் தோல்வியும் சகஜம். ஆனால் தெரிந்திருந்த ஓர் அபாயத்தைப் போட்டியாளனுக்குப் பயந்து மறைத்துவைப்பதை வாணிபத்தின் கணக்கில் எழுத முடியாது.

டி.சி.-10-இன் பெயர் அதன்பின் தேறவே இல்லை. 1979 மே 25-ஆம் தேதி சிகாகோவில் கிளம்பிய ஒரு விமானத்தின் இடது எஞ்சின் இறக்கையிலிருந்து பிய்ந்து விழ, அதிலிருந்த 271 பேரும் தரையில் இருவரும் மாண்டார்கள். எஞ்சினையும் அதைத் தாங்கும் தண்டையும் சேர்த்துப் பளுதூக்கி வண்டியால் கழற்றி மாட்டிய பழுதுபார்க்கும் முறையே மூல காரணம் என்று விசாரணை கண்டது. ஆயினும் அந்த வகை விமானங்கள் எல்லாவற்றையும் ஜூன் 6 முதல் ஜூலை 13 வரை சர்க்கார் தரையிலேயே நிறுத்திவைத்தது. அவ்வாண்டு நவம்பரில் அண்டார்க்டிகாவின் எரிபஸ் மலையில் நியூசிலாந்து விமானம் மோதி 257 பேர் மடிந்ததற்கும் விமானத்தின் அமைப்புக்கும் சம்பந்தமில்லை. ஜனங்கள் அந்த வித்தியாசத்தைப் பார்க்கவில்லை.

லாக்ஹீடையும் குற்றமற்றதென்று கொள்வதற்கில்லை. 1972 அக்டோபரில் ஜப்பானின் ஆல் நிப்பான் கம்பெனி டி.சி.-10-ஐ விட்டு ட்ரைஸ்டாரைத் தேர்ந்தெடுத்தது. 1976 பிப்ரவரியில் செனட்டர் ஃபிராங்க் சர்ச்சின் குழுவினர் முன் லாக்ஹீடின் துணைத்தலைவர் கார்ல் கோச்சியன் சாட்சியம் அளித்தபோதுதான், அந்தத் தேர்வுக்காக ஜப்பானில் ஒரு கோடி டாலருக்கு மேல் ரகசியமாகச் செலவிட்ட செய்தி அம்பலமாயிற்று. பிரதம மந்திரியாயிருந்த தனாகா 50 கோடி யென் வாங்கியதாகக் கைதாகி, 1983-இல் தண்டனையும் பெற்றார். லாக்ஹீடின் தலைவர் டான் ஹாட்டனும் கோச்சியனும் பதவி துறந்தார்கள். அந்நிய நாட்டு அதிகாரிகளுக்கு லஞ்சம் கொடுப்பதைக் குற்றமாக்கும் சட்டம் 1977-இல் அமெரிக்காவில் இயற்றப்பட்டதற்கு இந்த விவகாரமே முக்கிய காரணம்.

1973-ஆம் ஆண்டின் எண்ணெய் நெருக்கடி ஏற்கெனவே இரு கம்பெனிகளின் ஆர்டர்களையும் வற்றச் செய்திருந்தது. 1981 டிசம்பரில் லாக்ஹீட் ட்ரைஸ்டார் உற்பத்தியை முடித்துக்கொள்வதாக அறிவித்தது. மொத்தம் 250 விமானங்கள். நஷ்டம் சுமார் 250 கோடி டாலர். அதற்குப்பின் அது பிரயாணி விமானம் எதையும் கட்டவில்லை. டி.சி.-10, ராணுவத்துக்குக் கொடுத்த 60 எரிபொருள் விமானங்களையும் சேர்த்து, 446 என்ற எண்ணிக்கையை எட்டியது. ஒரே கம்பெனி இந்த இரு தொகைகளையும் விற்றிருக்குமானால் அது செழித்திருக்கும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. புதிய விமானம் ஒன்றை அடியிலிருந்து வரைவதற்குப் பணமில்லாத மக்டானல் டக்ளஸ், டி.சி.-10-ஐயே நீட்டி எம்.டி.-11 என்று பெயரிட்டு விற்று வந்து, 1997 ஆகஸ்டில் போயிங்கோடு ஐக்கியமாயிற்று.

கோல்க் கேட்ட இரட்டை எஞ்சின் விமானம் என்னவாயிற்று? அதைக் கட்டியவர்கள் ஐரோப்பியர்கள். பிரான்ஸின் துலூஸ் நகரில் 1972 அக்டோபர் 28-இல் முதலில் பறந்த ஏர்பஸ் ஏ300, இறக்கைக்கு ஒன்றாக இரண்டே எஞ்சின்கள் கொண்டது. அந்த எஞ்சின்களும் டி.சி.-10-30-இல் இருந்த அதே ஜெனரல் எலக்ட்ரிக் எஞ்சின்களே. நம் நாட்டில் இந்தியன் ஏர்லைன்ஸ் 1976-இலேயே அதை வாங்கியது. ட்ரைஸ்டாரை முதலில் ஓட்டிய ஈஸ்டர்ன் கம்பெனி, 1977-இல் நான்கு ஏ300 விமானங்களை ஆறு மாதம் இலவசமாக ஓட்டிப் பார்த்து, மறு ஆண்டு 23 விமானங்களுக்கு ஆர்டர் கொடுத்தது. 1987-இல் அமெரிக்கன் ஏர்லைன்ஸும் ஏர்பஸ்ஸிடம் சென்றது. ரோல்ஸ்-ராய்ஸ் தன் சக்தி முழுவதையும் ட்ரைஸ்டாரின் எஞ்சினில் செலுத்தியமையால் ஏர்பஸ்ஸுக்கென்று உத்தேசித்த எஞ்சினைக் கைவிட்டதும், பிரிட்டிஷ் சர்க்கார் 1969-இல் அந்தக் கூட்டுறவிலிருந்து விலகியதும், பிரான்ஸும் ஜெர்மனியும் தனித்து நின்று அந்த விமானத்தை உருவாக்கியதும் அடுத்த அத்தியாயத்துக்கு உரிய விஷயங்கள்.

(தொடரும்)